போலீஸ் தோட்டா உட்கார்ந்த துப்பாக்கி

அறுபதுகளின் கடைசியில் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு சின்ன பாங்கு இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதன் வாசலில் துப்பாக்கியோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. நான் அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். மலையாளம் பேசுவேன், எழுத வராது. அப்படிப்பட்டவனுக்குப் பாங்கில் வேலை கிடைத்தது, சொந்தமாக ஒரு துப்பாக்கியும் அதற்கு லைசென்ஸும் வைத்திருந்ததால்தான். சின்ன பாங்குக்காரர்கள் அப்போதெல்லாம் தாங்களாகத் துப்பாக்கி வாங்கி வைக்க மாட்டார்கள். துப்பாக்கி உள்ளவனாகப் பார்த்து வேலைக்கு எடுப்பார்கள். துப்பாக்கிக்கு மலையாளத்தில் தோக்கு என்று பேர். மானேஜர் முதல் நாளே என்னிடம், "அண்ணாச்சீ, தோக்கு உண்டெங்கில் ஜோலி உண்டு. தோக்கு போனா ஜோலியும் போகும், கேட்டோ" என்று சொல்லிவிட்டார்.

அந்தத் துப்பாக்கி எனக்கு வந்த வழி இது. அதற்கு முன்னால் நான் பொன்முடியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் காவல்காரனாக இருந்தேன். லைன் வீடுகளுக்குப் பின்னால் ஜனங்கள் போட்டிருக்கும் மரச்சீனிக் கிழங்கைத் தோண்டக் காட்டுப்பன்றி வரும். அதை விரட்டத் துரை ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அவர் தோட்டத்தை விட்டுத் தன் நாட்டுக்குக் கிளம்பும்போது நாயை ஒரு டாக்டருக்கும் துப்பாக்கியை எனக்கும் கொடுத்தார். கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு வந்து லைசென்ஸையும் என் பேருக்கு வாங்கிக் கொடுத்தார். அதில் ஒற்றைக்குழல் துப்பாக்கி என்று எழுதியிருந்தது. இருப்பது ஒரு குழல்தானே, வேறென்ன எழுதுவார்கள் என்று நானும் இருந்துவிட்டேன்.

அதில் பெரிய குண்டெல்லாம் போடுவதில்லை. ரவைத் தோட்டாதான். சுட்டால் சிறுசிறு ஈயமணிகள் சிதறிப் போகும். பன்றிக்கு வலிக்கும், ஓடிவிடும். ஒன்றுகூடச் செத்து நான் பார்த்ததில்லை. சுட்டபிறகு வெளியே எடுக்கிற காலித் தோட்டா மட்டும் இடுப்பு வீங்கி வரும், சிலது கிழிந்தும் வரும். மலைப்பனியில் தோட்டா ஊறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரிக்கு மலைக் குளிர் சேரவில்லை. இளைப்பு வந்துவிட்டது. மழைக்காலத்தில் லைன் வீட்டுச் சுவரே வேர்க்கும். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே விடியவைப்பாள். இனிமேல் இவளை இங்கே வைத்திருந்தால் நீதான் பொறுப்பு என்று தோட்டத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினேன். திருவனந்தபுரத்துக்கு வந்து, ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். கடற்காற்று பட்டதும் அவள் படுத்துத் தூங்க ஆரம்பித்தாள். பாங்கு வேலை போனால் எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளக்கூடிய இடம் அந்த மலை ஒன்றுதான். இது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். பேசிக்கொண்டது கிடையாது.

தினமும் குளித்து விபூதி பூசி முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொடுவேன். ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இடுவோம். குழலும் கட்டையும் சேருகிற இடத்தில், இரும்பின்மேல் கையகலத்துக்கு. பூசை முடிந்ததும் மற்ற சாமான்களைத் துடைப்போம். அதை மட்டும் துடைக்க எனக்கு மனசு வராது. சோறு போடுகிற பொருளின் நெற்றிப் பொட்டை அழிப்பதா? அடுத்த வருஷம் அதன்மேலேயே வைப்பேன். இப்படி வருஷத்துக்கு ஒரு பூச்சாக ஏறி, மரப்பட்டை மாதிரி அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஒரு தேர்தல் வந்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. பாங்குக் காவலுக்கு விலக்கு உண்டு, கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தால் போதும். மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறேன் என்று மானேஜரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

ஸ்டேஷன் வராந்தாவில் மேசை போட்டு ஓர் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். போலீஸ் ஆயுதக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். எனக்கு முன்னால் இரட்டைக்குழல்காரர்கள் இரண்டு மூன்று பேர் காட்டிவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. துணியைப் பிரித்து மேசைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், வாசலில் பாரா நின்ற போலீஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"எடோ, நின்றெ தோக்கு எவிடே?"

"கையிலுண்டு சாரே."

"அப்போ இது ஆருடேயா?"

உன் துப்பாக்கி உன் கையில் இருந்தால் இது யாருடையது என்று அவர் கேட்டதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் போலீஸ்காரர் கையில் இருந்ததைக் கவனித்தேன். கட்டை, மூக்கு, பக்கவாட்டில் இழுக்கிற கைப்பிடி எல்லாம் என்னுடையது மாதிரியே இருந்தது. என் சிரிப்பு நின்றுபோயிற்று.

"எங்கேர்ந்து அடிச்சு மாத்தினே, பாண்டீ?" என்றார் போலீஸ்காரர். தமிழனை அங்கே கேலியாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"திருடினதில்லை சார், துரை கொடுத்தது. லைசென்ஸ் இருக்கு" என்று நீட்டினேன். 

இன்ஸ்பெக்டர் லைசென்ஸை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார். சந்தனம் இருந்த இடத்தைத் தடவிப்பார்த்து, "இது என்ன, சொறியா?" என்றார். "ஆயுத பூசைச் சந்தனம் சார்" என்றேன். மண்ணெண்ணெய்த் துணியும் பேனாக்கத்தியும் கொண்டுவரச் சொன்னார். அவர் சுரண்டச் சுரண்ட சந்தனம் பொடியாக மேசைமேல் உதிர்ந்தது. உள்ளே ஒரு கிரீடம், அதன் கீழே எழுத்துகள், எண்கள். இத்தனை வருஷம் நான் கும்பிட்ட இடத்தில் அப்படி ஒன்று இருந்தது எனக்கே தெரியாது. என் முழியைப் பார்த்து இன்ஸ்பெக்டர் கொஞ்சம் இளகினார். அவர் கொஞ்ச நாள் நாகர்கோவில் பக்கம் வேலை பார்த்தவராம். தமிழில் பேசினார்.

"இது பிறந்தப்போ பட்டாளத் துப்பாக்கிய்யா. த்ரீ நாட் த்ரீ ஜாதி. அப்புறம் உள்ளே வழுவழுன்னு குடைஞ்சு போலீசுக்குன்னு மாத்தினாங்க. கூட்டத்தைக் கலைக்க, ஜெயில் காவலுக்கு. மஸ்கட்டுன்னு சொல்லுவோம். யுத்தம் முடிஞ்சப்போ எவனோ வித்திருப்பான், துரை வாங்கியிருப்பார். இப்போ வந்திருக்கிற சட்டத்திலே இந்த மஸ்கட்டை சாதாரண ஆளுக வச்சுக்கக் கூடாது. தடை."

"சார், இதுல ரவைதானே சார் போடுதேன். காக்கா குருவி சுடுற ரவை."

"நீ என்ன போடுறேங்கிறது கேள்வி இல்லே. என்ன போகும்ங்கிறதுதான் கேள்வி." அவர் பாராக்காரரிடம் கை நீட்டி ஒரு போலீஸ் தோட்டா வாங்கினார். என் துப்பாக்கியைத் திறந்து உள்ளே விட்டார். பிறந்த வீட்டுக்கு வந்த பெண் மாதிரி அது போய் உட்கார்ந்துகொண்டது. கைப்பிடியை மூடினார். ஒரு சத்தம், அவ்வளவுதான். "பார்த்தியா? உன் ரவைத் தோட்டாவுக்கு இது தொளதொளன்னு இருக்கும். சுட்டா வீங்கி வருமே?"

வீங்கும் என்றேன். பனி என்று நினைத்திருந்தேன் என்று சொல்லவில்லை.

துப்பாக்கியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கேஸ் போடுவதா வேண்டாமா என்று கலெக்டர் ஆபீஸ் முடிவு செய்யும், கூப்பிட்டால் வா என்று அனுப்பிவிட்டார்கள். வெறும் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பாங்குக்கு வந்தேன்.

மானேஜர் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். கெட்ட மனுஷர் இல்லை. "தேர்தல் முடியும்வரை லாத்தி வச்சு இருந்துக்கோ அண்ணாச்சி. அதுக்குள்ளே தோக்கு வரணும். இல்லைன்னா ஹெட் ஆபீசுக்கு நான் என்ன பதில் சொல்லும்? ஒரு ரிட்டயர் பட்டாளக்காரன் வேற, சொந்தத் தோக்கோட வந்து கேட்டுட்டுப் போயிருக்கான்" என்றார்.

வீட்டில் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை களைந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்தே போய்விட்டது.

"அப்போ இத்தனை வருசமா நம்ம வீட்டுல ஒரு போலீஸ்காரியையா வச்சிருந்தீங்க? சந்தனம் வேற பூசி!"

"சிரிக்காதட்டி."

"சிரிக்கலை. லைசென்சு கொடுத்தவங்களும் அவங்கதானே? அன்னைக்குத் தெரியாதது இன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"சட்டம் புதுசாம்."

"துப்பாக்கி பழசுதானே?"

 பொன்முடி என்ற பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அன்றைக்குக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அவளுடைய கம்பளியை அவள் மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். திரும்ப எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி மறுபடியும் கொடியிலேயே போட்டாள்.

லாத்தியோடு உட்கார்ந்த நாட்களில் கடைத்தெருவே என்னைக் கேட்டது. "எந்தா அண்ணாச்சி, தோக்கைப் பணயம் வச்சாச்சா? நம்ம பாங்கிலேயா, வேற பாங்கிலேயா?" என்று வெற்றிலைக் கடைக்காரர் தினமும் கேட்பார். தினமும் அதே சிரிப்பு.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எனக்குத் தோட்டா விற்கும் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். என் துப்பாக்கியை ஏதாவது பழுது பார்த்துச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரி ஆக்க முடியுமா என்று கேட்கத்தான். கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், நல்ல மாதிரி. என் மஸ்கட் கதை அவர் காதுக்கும் எட்டியிருந்தது. நான் பேச வாயெடுக்குமுன் என் கண் சுவரில் போய் நின்றது. அங்கே ஒரு துப்பாக்கி மாட்டியிருந்தது. அதே உடம்பு, அதே கைப்பிடி. பளபளவென்று புதுசு.

"பாய், இதுவும் பிடிச்சுட்டுப் போயிருவாங்களே!"

"எதுக்கு? இது த்ரீ ஃபிஃப்டீன் அளவு. சர்க்கார் ஃபாக்டரியிலேயே செஞ்சு நம்மளப் போல ஆளுகளுக்குன்னு விக்கிறது. கலெக்டர் லைசென்ஸ் போதும்."

"இதுல ரவையா போகும்?"

"ரவையா! குண்டு. அந்தக் கோட்டைவாசல்லே நிக்கிற மாட்டை இங்கேர்ந்து போடலாம்."

நான் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "பாய், இது பட்டாளத் துப்பாக்கி மாதிரியே இருக்கே."

"மாதிரி என்ன, அதே அச்சுதான். அதே த்ரீ நாட் த்ரீ உடம்பு. உன் மஸ்கட்டுக்குக் கூடப்பிறந்தது."

"அப்போ மாட்டைக் கொல்லுற அண்ணன் வெளியே, காக்காய் விரட்டுற தம்பி ஜெயிலிலேயா?"

அவர் சிரித்தார். பிறகு எனக்குப் புரியவைக்க ரொம்ப முயற்சி செய்தார். இதன் வாயில் பட்டாளத் தோட்டாவும் போகாது, போலீஸ் தோட்டாவும் போகாது. அதற்காகவே அளவை மாற்றிச் செய்திருக்கிறார்கள். உன்னுடையதில் போலீஸ் தோட்டா போகும். சர்க்கார் சாப்பாட்டைத் தின்னக்கூடிய துப்பாக்கி சர்க்காரிடம்தான் இருக்க வேண்டும். குழலை மாற்று, கட்டையை மாற்று, எதை மாற்றினாலும் அந்தத் தோட்டா உட்காரும் அறை பழைய அறைதான். அதைத் தொட்டால் துப்பாக்கியையே புதிதாகச் செய்த மாதிரி. அதற்கு வேறு கேஸ்.

சோறு போடுகிற கோயில் ஊட்டுப்புரைகளில் முன்பெல்லாம் நடந்தது எனக்கு நினைவு வந்தது. ஒருத்தன் என்ன படித்தான், எப்படி நடக்கிறான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். எந்த ஜாதிப் பந்தியில் அவனுக்கு இலை போடுவார்கள் என்பதுதான் கணக்கு. அதை நினைத்ததும் பாதி புரிந்த மாதிரி இருந்தது. பாங்குக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அந்தப் பாதியும் போய்விட்டது. ஏனென்றால் என் துப்பாக்கி போலீஸ் தோட்டாவை ஒரு நாளும் தின்றதே இல்லை. தின்ன முடியும் என்பதற்காகவா தண்டனை? அப்படிப் பார்த்தால் நம்மில் யார்தான் வெளியே இருக்க முடியும்?

கலெக்டர் ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். போவதற்கு முந்தின நாள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மானேஜர், "எனக்கு ஒண்ணும் அறியில்லான்னு சொல்லு. அறிஞ்சுட்டு வச்சிருந்தேன்னா கேஸ்" என்றார். பாராவில் என்னைக் கேலி செய்த அதே போலீஸ்காரர் பாங்குக்குச் செக் மாற்ற வந்தவர், என்மேல் இரக்கப்பட்டு வேறு மாதிரி சொன்னார்: "ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னியோ, துப்பாக்கியே தெரியாதவனுக்கு லைசென்ஸ் எதுக்குன்னு அதையும் வெட்டிடுவாங்க. எல்லாம் தெரியும், சர்க்கார்தான் கொடுத்ததுன்னு தைரியமா சொல்லு." இரண்டுமே சரியாகத்தான் பட்டது.

காலையில் கிழக்கேகோட்டையில், பட்டாளக்காரர்கள் பராமரிக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். வாசலில் நிற்கிற ஜவான் முன்னால் தேங்காயை ஓங்கி உடைத்தேன். பட்டாளத்தில் பிறந்த துப்பாக்கி விஷயம், பட்டாளத்துப் பிள்ளையாரிடம் சொல்வதுதான் முறை என்று என் புத்திக்குத் தோன்றிற்று. தேங்காய் நன்றாகத்தான் சிதறியது. ஆனால் எதைச் சொல்ல வேண்டும் என்று பிள்ளையார் காட்டவில்லை. துப்பாக்கி வேண்டும் என்று கேட்பதா, துப்பாக்கி போகட்டும் வேலை இருக்கட்டும் என்று கேட்பதா என்றுகூட எனக்குத் தெளிவாகவில்லை. கடைசியில், "அவ மூச்சு முட்டக்கூடாது அப்பனே" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தேன்.

கலெக்டர் ஆபீசில் என்னை விசாரித்த ஆபீசர் இளவயசு, வடக்கத்திக்காரர். பக்கத்தில் அந்த இன்ஸ்பெக்டரும் இருந்தார். ஆபீசர் ஆங்கிலத்தில் கேட்பார், இன்ஸ்பெக்டர் தமிழில் சொல்வார்.

"இது என்ன துப்பாக்கின்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதைக் கேக்கிறார்."

மானேஜர் சொன்னது ஒரு பக்கம், போலீஸ்காரர் சொன்னது ஒரு பக்கம்.  அப்புறம் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அது என்ன செய்யும்னு தெரியும் சார். அது யாருன்னு தெரியாது."

இன்ஸ்பெக்டர் அதை மொழிபெயர்ப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசர் சிரிக்கவில்லை. என் லைசென்ஸைப் புரட்டினார், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். அவர் பேனாவை எடுத்தபோது என் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கேஸ் இல்லே" என்றார் இன்ஸ்பெக்டர். "கொடுத்தவங்க மேலேயும் தப்பு இருக்கு. துப்பாக்கியை சர்க்கார் எடுத்துக்கும். லைசென்ஸ்லே அந்த வரியை மட்டும் அடிச்சாச்சு. லைசென்ஸ் உன்னோடதுதான். வேற துப்பாக்கி வாங்கினா எழுதிக்கலாம்."

"வாங்க வழியில்லை சார். இது போனா வேலை போயிரும்."

அதை அவர் ஆபீசரிடம் சொன்னாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆபீசர் நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "பாங்கு ஏன் வாங்கக் கூடாது? பாங்கு பேர்ல லைசென்ஸ் எடுத்து, அதைத் தூக்குற ஆள்னு உன் பேரை எழுதலாமே. சட்டத்துலே இடம் இருக்கு. உங்க மானேஜரை வந்து பார்க்கச் சொல்லு."

இவ்வளவு நாளும் யாருக்கும் இது தோன்றவில்லை. மானேஜருக்கு எழுதத் தயக்கம், ஹெட் ஆபீசுக்குச் செலவில் தயக்கம். தேர்தல் முடிந்தும் பதில் வராமல், ரிட்டயர் பட்டாளக்காரர் இரண்டு தடவை வந்து என் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் ஹெட் ஆபீஸ் சம்மதம் வந்து, மானேஜரே ஒரு காலையில் வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, பாயோட கடைக்கு வா. ஒரு இரட்டைக்குழல் எடுக்கணும். பிறப்பு, ஜாதகம் எல்லாம் பார்த்துட்டு எடுக்கணும்" என்றார். பாய் அந்தத் துப்பாக்கியை என் கையில் கொடுத்துவிட்டு, "இதுக்குப் பட்டாளத்துச் சொந்தம் ஒண்ணும் இல்லே. சுத்தமான வேட்டைக்காரக் குடும்பம்" என்றார். நான் நம்பினேன். நம்பாமல் வேறென்ன செய்ய? இரண்டு குழல், இன்னும் பெரிய தோட்டா, என்னுடையதைவிடப் பன்றிக்கு ஆபத்தானது. அது குற்றமில்லை என்கிறார்கள். சரி.

சம்பளம் குறைந்தது. சொந்தத் துப்பாக்கிக்கென்று சேர்த்துக் கொடுத்துவந்த தொகை நின்றுபோயிற்று. சாயங்காலம் பாங்கு மூடும்போது துப்பாக்கியை உள்ளே ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். துப்பாக்கி வாங்கின அன்றைக்கே அப்படி வெளியே வந்தபோது என் வலது தோள் ஒரு பக்கமாக ஏறி நின்றது, இறங்க மாட்டேன் என்றது. ஜனங்கள் எனக்கு வழி விடவில்லை, இடித்துக்கொண்டு போனார்கள். நான்தான் ஒதுங்க வேண்டியிருந்தது.

காய்கறிக்கடைப் பக்கம் அவள் நின்றுகொண்டிருந்தாள். என்ன முடிவாயிற்று என்று வீட்டில் காத்திருக்க அவளால் முடியவில்லையாம். மலையிலிருந்து வந்த பிறகு கடைத்தெருவரை அவள் தனியாக நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. என் முகத்தைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள்.

"வேலை இருக்கா?"

"இருக்கு."

"துப்பாக்கி?"

"அதுவும் இருக்கு. நம்மளுது இல்லை."

 அதை அவளும் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. பிறகு காய்ப்பையை என் கையில் கொடுத்துவிட்டு, "அப்போ பூசணிக்காய் ஒண்ணு வாங்கிரலாம், தூக்கத்தான் ஆள் இருக்கே" என்று கடைக்காரரிடம் திரும்பி, நிதானமாக விலை கேட்க ஆரம்பித்தாள்.